ஒரு காது தறிக்கு

முப்பத்தெட்டு வயது வரைக்கும் கல்பனாவுக்குப் பாட்டு என்றால் அடுத்த வீட்டுக்காரர்கள் கொடுக்கும் தொந்தரவு. கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் அலறினால் காதைப் பொத்திக்கொண்டு பந்திக்கு ஓடுகிறவள் அவள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் விசைத்தறிக் கொட்டகையில் நிற்கிறவளுக்கு மிச்ச நேரத்தில் வேண்டியது அமைதிதான், சங்கீதம் இல்லை. அப்பேர்ப்பட்டவள் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளைக்கார ராக் கோஷ்டியிடம் போய் மனசைப் பறிகொடுத்தாள் என்றால், அதற்குக் காரணம் ஓர் ஓட்டை செல்போன்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய பழைய செட் அது. "ஸ்பீக்கர் போயிடுச்சு. ஆளுங்ககிட்ட பேசலாம், பாட்டு மட்டும் கேக்காது. அதுக்கு இத எடுத்துக்கோங்க" என்று கடைக்காரர் ஒரு சின்ன வெள்ளை டப்பாவைக் கையில் திணித்தார். உள்ளே வயர் இல்லாத இயர்போன் ஒரு ஜோடி, பூண்டுப் பல் மாதிரி படுத்திருந்தது. பாட்டு கேட்கிற ஆளா நான் என்று நினைத்தாலும் கல்பனா வேண்டாம் என்று சொல்லவில்லை. சும்மா கொடுப்பதை வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் அவள் வீட்டில் கிடையாது.

போனை முன்னால் வைத்திருந்த புண்ணியவான் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒன்றை மட்டும் மறந்துவிட்டிருந்தான். நாற்பத்திரண்டு பாட்டு, எல்லாம் ஒரே கோஷ்டி. படத்தில் தலைமுடியைத் தோளுக்குக் கீழே வளர்த்த நான்கு பேர் ஒரு கப்பலுக்கு முன்னால் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கீழே 1971 என்று போட்டிருந்தது. பத்தாவது வரை படித்த கல்பனா எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். ஸ்லேட் ஹார்பர். கோஷ்டியின் பெயர் போலிருக்கிறது. பாட்டுகளின் பெயரைப் படிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் இருந்தது, அது போதும்.

அம்மையார்குப்பத்தில் அவர்கள் கொட்டகையில் நான்கு தறிகள். நான்கு வருஷத்துக்கு முன்னால் கல்பனாவின் புருஷன் ராஜகோபாலும் அவன் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டபோது வீட்டுக்கு நடுவில் சுவர் எழுந்தது. கொட்டகையில் கரண்ட் இணைப்பு ஒன்றே ஒன்று என்பதால் அங்கே சுவர் எழுப்ப முடியவில்லை. வாசல் பக்கத்து இரண்டு தறி கல்பனாவுக்கு, உள் பக்கத்து இரண்டு தம்பி பெண்டாட்டி காஞ்சனாவுக்கு. ஓரகத்திகள் இருவருக்கும் சண்டை என்று சொல்ல முடியாது. கஞ்சி போட்ட பாவு நூல் மாதிரி ஒரு விறைப்பு, அவ்வளவுதான். நூல் வந்ததா, கரண்ட் போனதா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தறி ஓடும்போது பேசவும் முடியாது, கைச்சாடைதான்.

அந்தக் கொட்டகையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. காது எப்போதும் தறி மேல் இருக்க வேண்டும். பழைய தறிகள், குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் தானாக நிற்கத் தெரியாதவை. தாளம் ஒரு நூல் தப்பினாலும் ஓடிப் போய்க் கைப்பிடியைத் தள்ளி நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் சேலையில் ஜன்னல் மாதிரி இடைவெளி விழும். கல்பனாவின் கால்கள் அந்த விஷயத்தில் அவள் புத்தியைக் கேட்பதே இல்லை, தாமாகவே ஓடும்.

இயர்போன் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு நாள் வலது காதில் ஒன்றை மட்டும் செருகிக்கொண்டு ஏதோ ஒரு நம்பரைத் தொட்டாள். ஏழாம் நம்பர்.

முதலில் எவனோ ஒருத்தன் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினான். சரி, கடைக்காரன் தலையில் கட்டிவிட்டான் என்று எடுக்கப் போனாள். அப்போதுதான் மேளம் வந்தது. அடேயப்பா! ஓர் ஆள் அடிக்கிற மேளமா அது? நாலு தறியை ஒருத்தன் தனியாக ஓட்டுகிற மாதிரி இருந்தது. காலால் ஒன்று, கையால் ஒன்று, நடுவில் பித்தளைத் தட்டைத் தட்டி ஒரு சிலுசிலுப்பு. அதன் அடியில் ஏதோ ஒரு தடித்த தந்தி வாத்தியம் குண்டுக் குரலில் கூடவே நடந்து வந்தது. இடது காதில் அவளுடைய தறி, வலது காதில் அவன். இரண்டும் ஒன்றை ஒன்று துரத்தின. இருபது வருஷமாக அவள் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தது திடீரென்று தாளமாகிவிட்டது. கல்பனாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

பாட்டு பாதியைத் தாண்டியதும் வலது காதில் அந்தக் குண்டுக் குரல் தந்தியோடு சேர்ந்து மேளமும் பட்டென்று நின்றது. கல்பனா ஓடினாள். கைப்பிடியைத் தள்ளித் தறியை நிறுத்திவிட்டு, ஊடையைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாவை எடுத்துப் பார்த்தாள். ஊடை அறுபடவில்லை. அதற்குள் தாரில் சுற்றிய நூல் நிறைய இருந்தது. குழம்பிப்போய் நிற்கும்போதே வலது காதில் மேளம் தடதடவென்று மறுபடி இறங்கியது.

மறுநாளும் அதே இடத்தில் ஓடினாள், அதே மாதிரி நிறுத்தினாள். மூன்றாம் நாள்தான் புரிந்தது. அறுந்தது நூல் இல்லை, பாட்டு. எண்ணிப் பார்த்தாள். எட்டு எண்ணும் வரை அந்த மேளக்காரன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"அடப்பாவி, வேணும்னே வுட்டுகினு கீறான்!" என்று தறிச் சத்தத்தில் தனக்கே கேட்காமல் கத்தினாள். எதற்காக விட்டான்? ஒவ்வொரு தடவையும் அந்த எட்டு எண்ணிக்கையில் அவளுக்கு மூச்சு நின்றது. மேளம் திரும்பி வரும்போது புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். காதல் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, நமக்குத்தான் லேட்டாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

காஞ்சனா எதிர்ப்பக்கத்திலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு என்ன ஆச்சு என்று கையை ஆட்டிக் கேட்டாள். கல்பனா டப்பாவிலிருந்து மிச்சமிருந்த இடது காது இயர்போனை எடுத்துக் கொண்டுபோய் அவள் காதிலேயே செருகிவிட்டாள். காஞ்சனா முதலில் முகம் சுளித்தாள். பிறகு வாய் மெல்லத் திறந்தது. நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் விறைப்பு இல்லை.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு காது தறிக்கு, ஒரு காது பாட்டுக்கு. வலதுக்குச் செய்தது இடது காதில் நிற்காமல் விழுந்துவிடும் என்பதால் வலது எப்போதும் கல்பனாவுக்கு, இடது எப்போதும் காஞ்சனாவுக்கு. ஏழு விரலைக் காட்டினால் ஏழாம் நம்பர். பிடித்த இடம் வந்தால் கட்டை விரல். சாயங்காலம் தறி நின்றதும் இரண்டும் டப்பாவுக்குள் போய் சார்ஜில் கிடக்கும். வீட்டுக்குப் போனால் அடுப்பு, துணி, பிள்ளைகள். அங்கே போய் இதைக் கேட்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

அந்த இரண்டு மாதத்தில் கல்பனாவுக்கு ஊரே வேறு மாதிரி கேட்க ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர் தகரத்தைத் தட்டினால் அதில் ஒரு நடை இருந்தது. பள்ளிப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், பந்தியை விட்டுவிட்டுத் தவில்காரர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். ராஜகோபால் வந்து கையைப் பிடித்து இழுத்தான். "இரு, இவரு எங்க வுடுறாரு, எங்க புடிக்கிறாருன்னு பாத்துட்டு வரேன்" என்றாள். கோயில் பம்பையிலிருந்து மாவு மிஷின் வரைக்கும் எதையும் அவள் சும்மா விடவில்லை. எல்லாவற்றுக்கும் அளவுகோல் ஒருத்தன்தான், அந்த ஏழாம் நம்பர் மேளக்காரன்.

ஒரு நாள் பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. நாலு தறியும் ஒரே மூச்சில் அடங்க, இருவரும் வாசல் படியில் உட்கார்ந்து மோர் குடித்தார்கள்.

"இன்னா அடி அடிக்கிறான்டி அந்த மோளக்காரன்! ஏழாம் நம்பருக்கே அவனுக்குக் கோயில் கட்டலாம்" என்றாள் கல்பனா.

காஞ்சனா சொம்பைக் கீழே வைத்தாள். "எந்த மோளக்காரன்?"

"ஏழாம் நம்பர்ல அடிக்கிறானே, அவன்தான்."

"ஏழாம் நம்பர்ல ஏதுக்கா மோளம்? அதுல ஆதியோட அந்தமா கிட்டாருதானே. நெஞ்ச அப்பிடியே அரம் போட்டு ராவுற மாதிரி வாசிச்சுகினு போறானே."

"கிட்டாரா? கிட்டாரே கெடையாதுடி அதுல!"

முதலில் இருவரும் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி கிண்டல் செய்கிறாள் என்று மற்றவள் நினைத்தாள். பிறகு குரல் ஏறியது. பாடுகிறவன் ஒருத்தன்தான், கத்துகிற வார்த்தையும் ஒன்றுதான் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். மற்றதில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

"நானும் பாத்துகினுதான் கீறேன். நல்லா ஓடிகினு கீற தறிய ஓடிப்போய் ஓடிப்போய் நிறுத்துற. அந்த எடத்துல மோளம் நின்னுச்சுன்னு சொல்ற. அந்த எடத்துலதான்க்கா கிட்டாரு உச்சத்துக்குப் போவுது!" என்ற காஞ்சனா, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உனுக்கு இல்லாத மோளம் கேக்குது. பாவாவுக்கும் இப்பிடித்தான் ஆரமிச்சுது."

பாவா என்று அவள் சொன்னது ராஜகோபாலை. தெலுங்கு கலந்து பேசும் பள்ளிப்பட்டில் பிறந்த காஞ்சனாவுக்குப் புருஷனின் அண்ணன் பாவாதான். ராஜகோபாலுக்கு இருபது வருஷத் தறியில் காது பாதி போய்விட்டது. அவன் டிவி வைத்தால் தெருமுனைக்குச் செய்தி தெரியும். அவனுக்கும் முதலில் காதுக்குள் இல்லாத சத்தம்தான் கேட்டது.

"செவுடு எனுக்கில்ல, உனுக்கு! கொட்டகையே அதிர்ற மாதிரி அடிக்கிறான், அது கேக்கலன்னா உன் காது இன்னா காது?" என்று கல்பனா பதிலுக்கு விட்டாள். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. அன்று இருவருமே ஏழு விரலைக் காட்டவில்லை.

வெளியில் வாய் பேசினாலும் உள்ளே கல்பனா ஆடிப்போய்விட்டாள். காது போனால் தறி ஓட்ட முடியாது என்பது இரண்டாம் பட்சம். முப்பத்தெட்டு வருஷம் வேண்டாம் என்று கிடந்த காது, இப்போதுதான் ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறது. அந்த மேளம் நிஜத்தில் இல்லையா? செவிடாகப் போகிறவளின் மண்டைக்குள் தானாக அடித்துக்கொண்டதா? அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. புருஷன் பேசுவது நாளைக்கே கேட்காமல் போகட்டும், அதில் பெரிய நஷ்டம் இல்லை. மேளம் போகக் கூடாது.

திருத்தணியில் காது மிஷின் விற்கிற கடையில் இலவசப் பரிசோதனை என்று பஸ்ஸில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அமாவாசை அன்று தறி ஓடாது. அன்றைக்குக் காலையிலேயே கிளம்பினாள். பஸ் ஏறித் திரும்பிப் பார்த்தால் பின் சீட்டில் காஞ்சனா.

"நீ எங்கடி வர?"

"செவுடு யாருன்னு கண்டுபுடிக்கத்தான். நீ மட்டும் போயிட்டு வந்து எனுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுவ. நான் நேர்ல பாக்க வேணாவா?"

ஆர்.கே.பேட்டை தாண்டிய பிறகும் பள்ளத்தில் பஸ் குதிக்கும்போதெல்லாம் கல்பனாவின் கை முன் சீட்டுக் கம்பியில் தாளம் போட்டது. காஞ்சனா வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடையில் யோகலட்சுமி என்ற பெண் சோதனை செய்தாள். சின்ன ஓர் அறை, சுவரெல்லாம் மெத்தை. கதவைச் சாத்தியதும் விழுந்த அமைதி கல்பனா பிறந்ததிலிருந்து கேட்டிராத அமைதி. காதில் பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டு, "எந்தக் காதுல சத்தம் வருதோ அந்தப் பக்கத்துக் கையத் தூக்குங்கம்மா. மெதுவாத்தான் வரும்" என்றாள் யோகலட்சுமி.

வலது காதில் கொசு மாதிரி ஒரு சத்தம். வலது கையைத் தூக்கினாள். அப்புறம் இடது. அப்புறம் மறுபடி வலது. பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்து காஞ்சனா உள்ளே போனாள், அவளும் கையைத் தூக்கித் தூக்கி இறக்கினாள்.

இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோகலட்சுமி சிரித்தாள். "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் இருக்குது. ஒரே ஒரு எடத்துல லேசா கொறஞ்சிருக்கு, தறிக்காரங்க எல்லாருக்கும் வர்றது. மத்தபடி நல்லாவே கேக்குது. வேல செய்யும்போது இனிமே காத மூடிக்கோங்க."

நல்லாவே கேக்குது! கல்பனாவுக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் சந்தோஷம் பாதியில் நின்றது. அவளுக்கும் கேட்கிறது, இவளுக்கும் கேட்கிறது. அப்புறம் மேளம் எங்கே போனது, கிட்டார் எங்கே போனது?

"அப்ப பொய் சொல்றது யாருக்கா?" என்று காஞ்சனா ஆரம்பித்தாள்.

கல்பனாவின் கண் மேஜை மேல் கிடந்த பெரிய ஹெட்போனில் நின்றது. வலது காதில் சத்தம் வந்தபோது இடது காது சும்மா இருந்ததே. இடதில் வந்தபோது வலது சும்மா இருந்ததே.

"ஏம்மா, இதுல ஒரு காதுக்கு ஒரு சத்தம், இன்னொரு காதுக்கு வேற சத்தம் அனுப்ப முடியுமா?"

"தாராளமா. ரெண்டும் தனித்தனி வழிதானேங்க. பாட்டே அப்பிடித்தான் வருது. பழைய பாட்டுல சிலதுல பாதி வாத்தியத்த இந்தப் பக்கம், பாதிய அந்தப் பக்கம்னு ஒரேடியா பிரிச்சு வெச்சிருப்பாங்க."

கல்பனா நாற்காலியை விட்டு எழுந்தாள். வலது எப்போதும் எனக்கு, இடது எப்போதும் அவளுக்கு. இரண்டு மாதமாக ஒரு கோஷ்டியை ஓரகத்திகள் இருவரும் பாகம் பிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள்! பாடுகிறவன் மட்டும் கொட்டகைக் கரண்ட் மாதிரி பொதுவில் கிடந்திருக்கிறான்.

"வாடி!" என்று காஞ்சனாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் லாரி, ஹாரன், பூக்காரிகளின் கூவல். இங்கே முடியாது. இந்த இரைச்சலில் அந்த மேளத்தை வீணடிக்க அவளுக்கு மனசு வரவில்லை. மலையைப் பார்த்தாள். வண்டியில் போகிறவர்கள் எல்லாம் ரோட்டில் போய்விடுவார்கள், படியில் கூட்டம் கம்மி. முந்நூற்றறுபத்தைந்து படியில் முதல் நூறை அவள் ஏறிய வேகத்துக்கு முருகனே மேலிருந்து எட்டிப் பார்த்திருப்பான்.

"மெதுவா போக்கா, இன்னாக்கா அவசரம்?"

"சொன்னா புரியாது. கேட்டாத்தான் புரியும்."

நிழலாக ஒரு மண்டபம் வந்தது. கல்பனா உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். வலதை வலது காதில் வைத்தாள். இதுவரை காஞ்சனாவின் காதைத் தவிர வேறு காதுக்குப் போகாத இடதை, தன் காதில் செருகிக்கொண்டாள். ஏழாம் நம்பரைத் தொட்டாள்.

அதே தொண்டை கிழிகிற குரல், ஆனால் இப்போது சரியாக நெற்றிக்கு நடுவில். வலது பக்கம் அவளுடைய மேளக்காரன் வந்தான், இருக்கிறான், நிஜமாகவே இருக்கிறான்! இடது பக்கம்...

"ஐயோ" என்றாள் கல்பனா.

இடது பக்கம் கிட்டார். காஞ்சனா சொன்னது சரிதான், நெஞ்சைத்தான் ராவினான். மேளம் ஒன்று சொன்னால் கிட்டார் மறுத்தது. கிட்டார் கேட்டால் மேளம் பதில் சொன்னது. இத்தனை நாள் ஒருத்தன் தனியாகப் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டு பதிலை மட்டும் கேட்டிருக்கிறாள்! பாட்டு பாதியைத் தாண்டியது. அந்த இடம் வந்தது. மேளம் பட்டென்று நின்றது. தறியே இல்லாத மண்டபத்தில் கல்பனாவின் வலது கை தானாக நீண்டு கைப்பிடியைத் தேடியது.

கிட்டார் தனியாகக் கிளம்பியது. ஒவ்வொரு படியாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு படி மேலே மேலே ஏறியது. பக்கத்தில் ஒரு சத்தம் இல்லை. நின்றவன் அதற்கு வழி விட்டிருக்கிறான். அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான், அவ்வளவுதான். எட்டாம் படியில் கிட்டார் உச்சியைத் தொட்டதும் மேளம் தடதடவென்று ஓடி வந்து சேர்ந்துகொண்டது. கல்பனாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, வாய் சிரித்துக்கொண்டே இருந்தது.

காஞ்சனா பயந்துவிட்டாள். "அக்கா! இன்னாக்கா? காது வலிக்குதா?"

கல்பனா இரண்டையும் கழற்றி ஓரகத்தியின் இரண்டு காதிலும் வைத்தாள். பாட்டை முதலிலிருந்து போட்டாள். பிறகு எதிர்ப்படியில் உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்தாள். தனக்குக் கேட்காத பாட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு அடி அடியாகத் தெரியும். இதோ குரல். இதோ இப்போது வரப்போகிறான். ஒன்று, இரண்டு...

காஞ்சனாவின் கண் விரிந்தது. இரண்டு காதும் அடைத்துக்கொண்டவர்களுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. அதிலும் இவள் தறிக்காரி. மலையே அதிர்கிற மாதிரி கத்தினாள்.

"கேக்குதுக்கா! இத்தினி நாளா கேக்கலியே, இப்போ கேக்குதுக்கா! மோளம் கீதுக்கா!"

மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குடும்பம் ஒன்று மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. முன்னால் வந்த பெரியவர் சட்டென்று நின்றார். காதில் இருந்த வெள்ளைச் சாமானைப் பார்த்தார், கண்ணீரோடு உட்கார்ந்திருந்த கல்பனாவைப் பார்த்தார், கத்துகிறவளைப் பார்த்தார். கை தானாகத் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டது.

"எத்தினி நாளாம்மா இந்தப் பொண்ணுக்குக் காது கேக்கல?"

கல்பனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாமி சந்நிதிப் படியில் பொய் சொல்லக் கூடாது.

"ரெண்டு மாசமாங்க" என்றாள். "எங்க ரெண்டு பேருக்குமே."

"முருகா!" என்று அவர் உரக்கச் சொல்ல, படியில் ஏறினவர்களும் இறங்கினவர்களும் சேர்ந்து "அரோகரா!" என்றார்கள். கல்பனாவும் அடிவயிற்றிலிருந்து சொன்னாள். காஞ்சனாவுக்கு மட்டும் அது கேட்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு உள்ளங்கையாலும் படிக்கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் வந்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எட்டு எண்ணும் வரை காத்திருந்தாள்.